சிம்பிள் கட்டத்தில் ஒரு டிக்

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடி. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு படியேறி வந்து கையை நீட்டுவார்கள். பதினாறு வருடத்தில் ஒரு டியூபில்கூட நான் பெயர் மாற்றி ஒட்டியதில்லை. லேபிளில் ஓர் எழுத்து சந்தேகமாக இருந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பெயர் கேட்பேன். அப்படிப்பட்ட நான், என் பெண்ணின் காகிதத்தில் இரண்டே இரண்டு கட்டங்கள் இருந்தபோது, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் ஒன்றில் டிக் போட்டேன். அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் பிறப்பால் பிரெஞ்சுக் குடிமகன். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அந்தக் குடும்பங்களை இன்றைக்கும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்வார்கள். நான் சாதாரண இந்தியப் பாஸ்போர்ட்காரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்பது வருடம் காத்திருந்து, ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து பதினான்கு மாதப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். இந்திய நீதிமன்றம் உத்தரவு போட்டது. பிறப்புச் சான்றிதழில் அம்மா என்ற இடத்தில் என் பெயர் வந்தது. அன்றைக்கு அந்தச் சான்றிதழை லேமினேட் பண்ணக் கொடுத்துவிட்டு, கடையிலேயே நின்று அழுதேன். கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

பெண்ணுக்கு இரண்டு வயது ஆனபோது கணவருக்குப் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை கிடைத்தது. "ஆறு மாசம். ரெண்டு பேரையும் கூப்ட்டுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி என்பதால் எனக்கு விசாவில் சிக்கல் இல்லை. பிள்ளைக்குத்தான் சிக்கல். எங்கள் நீதிமன்றம் கொடுத்த உத்தரவை பிரான்ஸ் அப்படியே ஏற்றுக்கொள்ளாது என்று அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சுற்றுலா போல மூன்று மாதம் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம். மூன்று பேரும் ஒரு வீட்டில் சேர்ந்து இருக்க முடியாது.

அதற்கு மேல் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். இங்கே கேட்டால், அவர் பிரெஞ்சுக்காரர், அந்த நாடு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரட்டும் என்றார்கள். அந்த நாட்டைக் கேட்டால், இங்கே முடிந்துபோன தத்துக்கு இப்போது எதை எழுதித் தருவது, அங்கே நீதிமன்றத்தில் மனு போடுங்கள் என்றார்கள். அங்கே மனு போட வேண்டுமானால் இங்கிருந்து ஒரு கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு அங்கிருந்து ஒரு காகிதம் வேண்டும். ஒவ்வொரு முறையும் பிள்ளையின் புது போட்டோ கேட்பார்கள். சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது, பின்னால் வெள்ளை. "மறுபடியும் போட்டோவாம்மா?" என்பாள் அவள். என் பீரோவில் அவள் வளர்ந்த கதை முழுவதும் சிரிக்காத முகமாக இருக்கிறது.

பிள்ளை கடத்துகிறவர்களைப் பிடிக்கத்தான் இத்தனை கட்டுப்பாடு என்பார்கள். பிடியுங்கள் சாமி, யார் வேண்டாம் என்றது? என் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தீர்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்தீர்கள், போலீஸ் சான்றிதழ் மூன்று முறை வாங்கினேன். எல்லாம் சரி என்று நீங்களே எழுதிய பிறகும் அப்பா ஓர் ஊரிலும் பிள்ளை ஓர் ஊரிலும் இருந்தால் அது யாரைக் காப்பாற்றுகிற சட்டம்? இதைத்தான் நான் நான்கைந்து வருடமாக எல்லா இடத்திலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படிக் கேட்கப் போன இடத்தில்தான் முசே அறிமுகமானார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். ஆனால் எங்கள் தெருக்களில் வெறுமனே முசே என்றால் அவர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். பென்ஷன்காரர்கள் வருடா வருடம் உயிரோடு இருக்கிறோம் என்று அனுப்ப வேண்டிய காகிதத்திலிருந்து, பிரான்சில் நாந்த் நகரத்திலிருந்து பிறப்புச் சான்று வரவழைக்கிற கடிதம் வரை, பாதி ஊருக்கு அவர்தான் எழுதிக் கொடுப்பார். யார் வீட்டிலும் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார். அவரும் ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்தவர். அந்தப் பையன் இப்போது பிரான்சில் வேலையில் இருக்கிறான். எங்கள் மாதிரி மாட்டிக்கொண்ட பதினான்கு குடும்பங்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தது அவரும் நானும்தான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அவர் வீட்டுக் கூடத்தில் கூடுவோம்.

மனு எழுதுவது அவர். கத்துவது நான். "சட்டத்தை சிம்பிள் பண்ணுங்க" என்ற வாசகம் என்னுடையது. அதை ஒரு துணியில் எழுதி, கடற்கரைச் சாலையில் இரண்டு முறை பிடித்துக்கொண்டு நின்றோம். வெயிலில் நிற்கிற எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, "மதாம், கத்துனது போதும், தொண்டை நமக்கு அடுத்த மாசமும் வேணும்" என்று கிண்டல் பண்ணுவார். எனக்கு அப்பா இல்லை. அந்த இடத்தில் அவரை வைத்திருந்தேன் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் வைத்திருந்தேன்.

பெண்ணுக்கு ஏழு வயது நடக்கும்போது ஒரு நாள் மதியம் அவர் லேபுக்கே வந்துவிட்டார். நான் சாப்பிட டப்பாவைத் திறந்திருந்தேன். கையில் பிரான்ஸ் நீதிமன்றத்துக்கான படிவம்.

"கடிதம் எல்லாம் சேந்துடுச்சும்மா. இன்னிக்கே போஸ்ட் பண்ணணும். இங்க ஒரு டிக் போடு."

பேனா முனையால் ஒரு கட்டத்தைக் காட்டினார். பக்கத்தில் இருந்த வார்த்தையை என்னால் படிக்க முடிந்தது. எஸ், ஐ, எம், பி, எல், இ. எனக்குப் பிரெஞ்சு தெரியாதுதான். ஆனால் அந்த வார்த்தை தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? நாங்கள் துணியில் எழுதிப் பிடித்த வார்த்தை ஆயிற்றே.

"அட, சிம்பிள்னு ஒண்ணு வந்துடுச்சா முசே? நம்ம கேட்டதைக் குடுத்துட்டாங்களா?"

"சிம்பிள்தாம்மா. சீக்கிரம் முடியும்."

சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து டிக் போட்டேன். கீழே இன்னொரு கட்டம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நீளமாக ஏதோ ஒரு வார்த்தை. நீளமாக இருந்ததாலேயே அது கஷ்டமான வழியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கணவருக்கும் அங்கே ஒரு பிரதி போயிற்று. அவரும் கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தெரிந்தது சமையல்கூடத்துப் பிரெஞ்சு. உப்பு, அண்டா, அவசரம், அவ்வளவுதான்.

ஐந்தே மாதம். காகிதம் வந்துவிட்டது. பதினான்கு குடும்பங்களில் எங்களுக்குத்தான் முதலில். முசே வீட்டுக் கூடத்தில் கேக் வெட்டினோம். கணவர் அங்கே ஒற்றை அறையை விட்டுவிட்டு இரண்டு அறை இருக்கிற வீட்டுக்கு மாறினார். வீடியோவில் காட்டினார்: சிறிய கட்டில், அதன் மேல் மெத்தை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "அவ வந்து பிரிக்கட்டும்" என்றார். சங்கத்தின் துண்டுப் பிரசுரத்தில் என் பெண்ணின் படம் வந்தது. அந்தப் படத்தில் மட்டும்தான் அவள் பல் தெரியச் சிரிக்கிறாள்.

அடுத்த மாதமே பிரான்சிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். வெளிநாட்டில் இருக்கிற பிரெஞ்சுக்காரர்களின் குறைகளைக் கேட்டு அங்கே மன்றத்தில் பேசுகிறவர். முசே அவருக்காக ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார். மேடையில் என்னையும் பெண்ணையும் ஏற்றினார்கள். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். சட்டம் எளிமையாக இருந்தால் ஐந்து மாதத்தில் ஒரு குடும்பம் சேர முடியும், இதோ பாருங்கள் என்று என் தீர்ப்பைத் தூக்கிக் காட்டிப் பேசினேன். கல்லூரியில் பிரெஞ்சு படிக்கிற ஒரு பெண் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அதாப்சியோன் சாம்ப்ள்."

சாம்பிள்! நாள் முழுக்க நான் கையில் வைத்திருக்கிற வார்த்தை. ரத்த சாம்பிள், சிறுநீர் சாம்பிள். எல்லோருக்கும் எடுத்துக்காட்டாக வைக்கலாம், சாம்பிள் கேஸ் என்று பாராட்டுகிறார் போலிருக்கிறது என்று எனக்குப் பூரித்துவிட்டது. ஆமாம் என்பதற்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சில், "வீ, வீ, மதாம்! சாம்பிள்!" என்று மைக்கில் சொன்னேன். கீழே எல்லோரும் கை தட்டினார்கள். நானே தட்டினேன்.

அந்த அம்மாள் புருவத்தைச் சுருக்கி நீளமாக ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கிற பெண் தயங்கினாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், ஆனால் மைக் ஆன் ஆகி இருந்தது.

"பெத்த அம்மாவோட உறவு சட்டப்படி அப்படியே இருக்கட்டும்னுதான் இந்த வகையக் கேட்டீங்களான்னு கேக்குறாங்கக்கா. இதுல குழந்தைக்குத் தானா நேஷனாலிட்டி வராதே, அதுக்கு என்ன யோசிச்சிருக்கீங்கன்னும் கேக்குறாங்க."

"எந்த வகை?"

"சிம்பிள் தத்துக்கா. பிரெஞ்சுல சாம்ப்ள்னுதான் சொல்லுவாங்க. இன்னொண்ணு பிளேனியேர். முழுத் தத்து. அதுலதான் குழந்தை முழுசா உங்க குழந்தை ஆகும்."

முன் வரிசையில் முசேவைத் தேடினேன். அவர் அதற்குள் எழுந்து மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார், கையில் பொன்னாடை. அந்த அம்மாளின் தோளில் அதைப் போர்த்தி, மைக்கைத் தன் பக்கம் திருப்பி, நேரமாகிவிட்டது, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பிறகு மறுபடி கை தட்டினார்கள். என் பெண்ணும் தட்டினாள்.

பெண்ணைச் சமோசா தின்ன அனுப்பிவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் அவரைப் பிடித்தேன்.

"ரெண்டு வகை இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா முசே?"

"எனக்குத் தெரியாம இருக்குமாம்மா?" அந்த நேரத்திலும் அதில் ஒரு வாத்தியார் பெருமை இருந்தது.

"அன்னிக்கு லேபுக்கு வந்தீங்களே, அன்னிக்கும் தெரியுமா?"

"கோவப்படாம கேளு. முழுசுக்குப் போட்டா இழுத்துடுவான். உன் பொண்ணோட பேப்பர்ல பெத்தவ சம்மதம் சரியா இல்ல. மூணு வருஷமோ நாலு வருஷமோ. அதுக்குள்ள சங்கமே கலைஞ்சிடும். போன மாசம் கூட்டத்துக்கு எத்தினி பேர் வந்தாங்க, நீயே பாத்தியே? ஒண்ணாவது முடிஞ்சுதுன்னு காட்டினாத்தான் இந்த அம்மா இங்க வருவாங்க. நமக்கு ஒரு சாம்பிள் வேணும்மா."

இந்த முறை என் காது சரியாகத்தான் கேட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ டிக் போட்டிருக்க மாட்ட."

"உங்க பையனுக்கு எந்தக் கட்டத்துல டிக் போட்டீங்க?"

"அது அந்தக் காலம்மா."

"எந்தக் கட்டம் முசே?"

அடுக்கி இருந்த நாற்காலியில் கோணலாக இருந்த ஒன்றைச் சரியாக வைத்தார். "முழுசு" என்றார்.

பாவி! அப்படித்தான் கத்தினேன். பட்டுப்புடவையோடு, சமையல்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, என் அப்பா வயது மனிதரைப் பாவி என்றேன். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கை எழவில்லை. அதற்காக இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம்.

அன்று மாலை கணவர் கூப்பிட்டபோது சொன்னேன். திரையில் அவருக்குப் பின்னால் அந்தக் கட்டில் தெரிந்தது. "நானும்தானேடி கையெழுத்துப் போட்டேன்" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சிம்பிளை முழுசாக மாற்ற வழி இருக்கிறதா என்று அங்கே ஒரு வக்கீலைக் கேட்டோம். இருக்கிறதாம். பெற்றவள், உறவு முழுவதும் அறுந்துபோகும் என்று தெரிந்தே சம்மதித்தாள் என்பதற்கு ஒரு கடிதம் வேண்டுமாம். காப்பகத்தின் காகிதத்தில் அவள் வைத்த கைநாட்டு மட்டும்தான் இருக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் காப்பகத்தில் அதை எழுதவில்லை. காப்பகத்தையும் மூடிவிட்டார்கள். பெயர் இல்லாதவளிடம் போய்க் கையெழுத்து வாங்கி வா என்கிறது சட்டம். அதுவரை அவர் அங்கே, நாங்கள் இங்கே. முசேவுக்கு இது முதலிலேயே தெரியும். தெரிந்துதான் குறுக்கு வழியைக் காட்டினார் என்று சிலர் அவருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். குறுக்கு வழி என்று என்னிடம் சொல்லியிருந்தால் அதில் போவதா வேண்டாமா என்று நான் முடிவு பண்ணியிருப்பேன். அவள் என் பிள்ளை.

சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பாதிப் பேர் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவர்களுடைய பென்ஷன் காகிதமும் பாஸ்போர்ட் காகிதமும் அவர் கையில்தானே இருக்கிறது. என்னோடு வெயிலில் நின்று துணி பிடித்த ஒருத்தி, "விடுக்கா, உனக்காவது ஏதோ ஒண்ணு வந்துச்சு" என்றாள். இன்னொருவர் சங்கத்தின் பெயரைக் கெடுக்காதே என்றார். அடுத்த துண்டுப் பிரசுரத்திலும் என் பெண்ணின் சிரிப்பைப் போட்டார்கள். நான் போய் எடுக்கச் சொன்ன பிறகுதான் எடுத்தார்கள்.

சங்கத்தை விட்டு வந்துவிட்டேன். கேட்பதை விடவில்லை. சட்டம் எளிமையாக வேண்டும் என்று இன்றைக்கும் எழுதுகிறேன், தமிழிலேயே எழுதுகிறேன், சாப்பாட்டு நேரத்தில் லேபில் உட்கார்ந்து. ஆனால் கேட்பது மாறிவிட்டது. சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்று இப்போது நான் கேட்பதில்லை. டிக் போடுகிறவளுக்குப் புரிகிற மொழியில் படிவத்தைக் கொடுங்கள், இரண்டு கட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து சொல்லட்டும் என்று கேட்கிறேன். படித்தால் புரிகிற சட்டமாக இருந்திருந்தால் எனக்கு ஒரு முசே எதற்கு? பிரெஞ்சு அகராதி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பிளேனியேர் என்ற பக்கத்தில் அது தானாகவே திறந்துகொள்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, புது மனுவோடு வைப்பதற்காகத் தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்து மேசையில் வைத்திருந்தேன். பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் பிரெஞ்சு ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பா, அம்மா, பூனை எல்லாம் தெரியும். என் எதிரில் உட்கார்ந்து விரலை வைத்துத் தெரிந்த வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மேர்! அம்மா" என்றாள். விரல் அடுத்த வார்த்தைக்குப் போயிற்று. அது தெரியவில்லை. அகராதியை இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தாள். பெயர் குறிப்பிடப்படாத.

"ம்மா, அம்மாவுக்குப் பேரே இல்லன்னு போட்டிருக்காங்க."

அவள் இன்னும் கீழே தேடினாள்.

"இதோ, உன் பேரு இங்க இருக்குது பாரு. தப்பான எடத்துல போட்டுட்டாங்கம்மா." பேனாவை எடுத்துவிட்டாள். "நான் கரெக்டா எழுதிடவா?"

அவள் காப்பகத்திலிருந்து வந்தவள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த நாளுக்கு வருடா வருடம் பாயசம் வைக்கிறோம். இது வேறு. எங்கள் லேபில் லேபிளின் மேல் அடித்து எழுதினால் அந்த டியூபையே தூக்கிப் போட்டுவிடுவோம். எழுதாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"எழுதும்மா" என்றேன்.

அம்மா என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சாய்ந்த எழுத்தில், என் பெயரை இனிஷியலோடு எழுதினாள். ஓர் எழுத்து தப்பு. நான் திருத்தவில்லை. அந்த ஜெராக்ஸைத்தான் மனுவோடு வைத்து அனுப்பினேன்.

உறையை ஒட்டுவதற்கு முன்னால் அதை இன்னொரு பிரதி எடுத்து முசேவுக்கும் போஸ்ட் பண்ணினேன். கூடக் கடிதம் எதுவும் வைக்கவில்லை. அவருக்குப் பிரெஞ்சு நன்றாகப் படிக்க வரும்.